மணிக்கட்டின் மேல் பழி

ட்ரெவா கெய்லரை நான் முதலில் சந்தித்தது நான் வேலை பார்க்கும் கவுண்டி நூலகத்தில், அதாவது எங்கள் மாவட்ட நூலகத்தில். மத்தியானம் இரண்டு மணி இருக்கும். நேராக என் மேசைக்கு வந்து ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டியைப் பொத்தென்று வைத்தார். பிஸ்டல் பெட்டி. என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே ஒன்றுமில்லை.

"சாமான் கார்லதான் கிடக்கு. உள்ள கொண்டுவரக் கூடாதுன்னு கதவுல ஒட்டியிருக்கீங்களே, படிச்சேன். காலேஜ் முடிச்ச ஸ்லோன் வீட்டுப் பையன் நீதானே?"

"ஆமாங்க."

"அப்ப எனக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடு. மரியாதையா இருக்கணும். ஆனா படிக்கிறவனுக்குக் காது சிவக்கணும்."

எங்கள் மலைப்பக்கத்தில் நான் பட்டம் வாங்கிய நாளிலிருந்து இதுதான் நடக்கிறது. எங்கள் வீட்டில் மட்டுமல்ல, அந்தச் சாலையிலேயே கல்லூரி முடித்த முதல் ஆள் நான். அதனால் கரண்ட் கம்பெனிக்கு, இன்சூரன்ஸ்காரனுக்கு, பென்ஷன் ஆபீசுக்கு என்று ஊரே என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டு போகும். அதில் எனக்குப் பெருமைதான், மறைப்பானேன். ஆனால் ஒரு பெண்ணின் மணிக்கட்டில் கோளாறு இல்லை என்று ஒரு துப்பாக்கிக் கம்பெனிக்கு எழுதியது அதுதான் முதல் தடவை. அன்று அவர் சொன்னதையும், பிறகு அவருடைய தங்கை புருஷன் டென்வர் சொன்னதையும் சேர்த்தால் கதை இப்படி வருகிறது.

ட்ரெவாவுக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. பதினான்கு வருடம் வான்கோழி இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. லாரியில் வந்து இறங்கும் உயிருள்ள வான்கோழியை இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்துத் தலைகீழாகக் கொக்கியில் மாட்ட வேண்டும். ஒவ்வொன்றும் பதினைந்து கிலோவுக்குக் குறையாது. அடிக்கும், கொத்தும், முகத்தில் பீய்ச்சும். நிமிடத்துக்குப் பத்து. ஆண்களே மூன்று மாதத்தில் ஓடிப்போகும் இடம் அது. தொழிற்சாலை மூடும்வரை ட்ரெவா அங்கே இருந்தார். அவர் கையைக் குலுக்கினால் நம் விரல்களை ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொள்ளத் தோன்றும்.

அதன் பிறகு ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு மருந்துக் கிடங்கின் வாசலில் காவல் வேலை கிடைத்தது. சீருடை, டார்ச், வாக்கிடாக்கி. உட்கார்ந்து செய்யும் வேலை அவருக்கு வாழ்க்கையிலேயே அதுதான் முதல். லாரிகளின் எண்ணைக் குறித்துக்கொண்டு, டிரைவர்களோடு வாயடித்துக்கொண்டு சந்தோஷமாகத்தான் இருந்தார். இரண்டு வருடம் கழித்துக் காவல் கம்பெனி ஒரு தாள் ஒட்டியது. இனி வாசலில் நிற்பவர்கள் ஆயுதம் வைத்திருக்க வேண்டும். சுடும் சோதனையில் தேறி அட்டை வாங்க வேண்டும். துப்பாக்கி அவரவர் சொந்தமாக வாங்கிக்கொள்ள வேண்டும்.

இந்த நியாயத்தை யாராவது எனக்கு விளக்குங்கள். கிடங்கு அவர்களுடையது, மருந்து அவர்களுடையது, பயமும் அவர்களுடையது. துப்பாக்கி மட்டும் ட்ரெவாவுடையதாக இருக்க வேண்டும்.

ட்ரெவா போய் இருப்பதிலேயே மலிவான ஒன்பது மில்லிமீட்டர் பிஸ்டலை வாங்கினார். புதுசு. இருநூறு டாலருக்கு உள்ளே. எங்கள் பக்கத்தில் பாதி வீட்டில் அதுதான் கிடக்கிறது. அழகென்று ஒன்றும் கிடையாது. தடியாக, கனமாக இருக்கும். வசதிக்காரர்கள் அதைச் 'செங்கல்' என்பார்கள். வைத்திருப்பவர்கள் அதையே செல்லப் பேராகச் சொல்லிக்கொள்வார்கள். டென்வரிடம் ஆறு வருடமாக அதே மாடல் இருந்தது. புதுப் பிஸ்டலைக் கையில் வாங்கிப் பார்த்தவர் தன் வீட்டில் தொட்டில் கட்டியதுபோல் பூரித்துப்போனார்.

"மூவாயிரம் குண்டு சுட்டிருக்கேன் ட்ரெவா. ஒரு விக்கல் எடுத்ததில்ல. இந்த ஆயிரம் டாலர் துப்பாக்கிக்காரனுங்க பேரைப் பாத்துக் காசு குடுக்குறானுங்க."

"உன்னோடது விக்காது சரி. என்னோடதும் விக்கக் கூடாதுன்னு வேண்டிக்க."

விக்கியது. டென்வர் வீட்டுப் பின்னால் மண்மேட்டில் முதல் நாளே, மூன்றாவது குண்டில். சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே தெறித்து விழாமல் அடுப்புப் புகைக்குழாய் மாதிரி மேலே நட்டுக்கொண்டு நின்றது. தட்டி எடுத்துவிட்டுத் தொடர்ந்தார். எட்டாவது குண்டில் மறுபடியும்.

"புதுசு இல்லியா. இருநூறு குண்டு போகட்டும், பழகிடும்," என்றார் டென்வர்.

இருநூறு போயிற்று. பழகவில்லை. அப்போதுதான் டென்வர் தலையைச் சொறிந்துகொண்டு அந்த வார்த்தையை முதன்முதலில் சொன்னார். "கோவிச்சுக்காதே. மணிக்கட்டைத் தளர விடுறியோ?"

துப்பாக்கி உலகத்தில் இது ஒரு பழைய பாட்டு. இந்த வகைப் பிஸ்டல் சுடும்போது பின்னால் உதைக்கும் வேகத்தில்தான் தன் வெற்றுக்கூட்டைத் துப்பிவிட்டு அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும். பிடிப்பவர் கை தொய்ந்தால் அந்த வேகம் கையோடு போய்விடும், அடைத்துக்கொள்ளும். உண்மைதான், அப்படியும் நடக்கும். ஆனால் யாரிடம் இதைச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். பெண்களிடம், வயதானவர்களிடம், மலிவுத் துப்பாக்கிக்காரர்களிடம். ஆயிரம் டாலர் பிஸ்டல் அடைத்தால் தோட்டா மட்டம். இருநூறு டாலர் பிஸ்டல் அடைத்தால் ஆள் மட்டம்.

ட்ரெவா விறுவிறுவென்று நடந்தார். டென்வர் வீட்டு முற்றத்தில் கிடந்த கார் பேட்டரியை ஒற்றைக் கையால் தூக்கி, கையை நீட்டியபடி, அவர் மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார்.

"தளருதா?"

"இல்ல."

"நல்லாப் பாரு. தளருதா?"

"கீழ வை தாயே, ஆசிட் கொட்டிடும்."

மணிக்கட்டு இல்லையென்றால் வேறு என்ன? டென்வர் இணையத்தில் அந்தப் பிஸ்டல்காரர்கள் கூடிப் பேசும் இடத்தைத் திறந்தார். பல்லாயிரம் பேர். லாரி ஓட்டுகிறவர், மளிகைக்கடைக்காரர், மூன்று பிள்ளைகளோடு தனியாக இருக்கும் நர்ஸ். ஒருவர் ஐயாயிரம் குண்டு சுட்டும் குறையில்லை என்கிறார். அடுத்தவர் பெட்டியைப் பிரித்த அன்றே அடைத்தது என்கிறார். அவர்மேல் முதலாமவர் பாய்கிறார். யாரும் கம்பெனியைக் குறை சொல்லவில்லை. ஏழைகள் வாங்குவதற்கென்று ஒருவன் செய்து தருகிறானே, அவனைப் போய்த் திட்டலாமா என்று ஒரு விசுவாசம். அந்த விசுவாசத்தைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. கம்பெனி பாதி வேலையில் நிறுத்திய சாமானை மீதிப் பாதி இவர்கள் தங்கள் கொட்டகையில் உட்கார்ந்து முடித்துக்கொள்கிறார்கள். அதில் பெருமையும் பட்டுக்கொள்கிறார்கள்.

அந்தக் கூட்டத்தில் எல்லோரும் சொல்லும் வைத்தியம் இரண்டு. தோட்டாக்களை அடுக்கிக் கைப்பிடிக்குள் செருகும் தோட்டாக்கூட்டின் வாயைக் குறடால் கொஞ்சம் நெளிக்க வேண்டும். தோட்டா குழலுக்குள் ஏறும் சரிவைக் கண்ணாடி மாதிரி மெருகேற்ற வேண்டும். டென்வர் தன்னுடையதை வாங்கிய வாரமே இரண்டையும் செய்திருந்தார். 'விக்கல் எடுத்ததில்லை' என்று சொன்னபோது இது அவருக்கு நினைவுக்கே வரவில்லை. பல் தேய்ப்பதை யாராவது தனியாகச் சொல்வார்களா? அதுபோல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையல்கட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து, கையடக்க மெருகு யந்திரத்தை வைத்து, வறுத்த பொலோனா இறைச்சி வைத்த சாண்ட்விச்சை ஒரு கையில் பிடித்துக்கொண்டே டென்வர் அதைச் செய்து முடித்தார். ட்ரெவா சரிவில் தன் முகத்தைப் பார்த்தார்.

"பவுடர் போட்டுக்கலாம் போல இருக்கே."

அதன் பிறகு நூறு குண்டு அடைக்காமல் போயிற்று. டென்வர் தோளைத் தட்டிக்கொண்டார். ட்ரெவா அந்த வாரம் முழுக்கப் பாடிக்கொண்டே வேலைக்குப் போனார்.

சோதனை, பக்கத்து ஊர்ச் சுடும் திடலில். நடத்தியவர் பிட்டிங்கர், முன்னாள் ஷெரிஃப் உதவியாளர். இருபத்தைந்து குண்டு, இருபது பட வேண்டும். சில சுற்றுகளுக்கு நேரக் கெடு உண்டு. அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. சுடும்போது துப்பாக்கி அடைத்துக்கொண்டால், குழலை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு வெறுங்கையை உயர்த்த வேண்டும். பரிசோதகர் வந்து பார்ப்பார். குற்றம் துப்பாக்கியுடையது அல்லது தோட்டாவுடையது என்றால் 'அலிபி' என்று உரக்கச் சொல்வார். அந்தக் குண்டுகளை மறுபடி சுடலாம். குற்றம் சுடுபவருடையது என்றால் போனது போனதுதான். அந்த ஒரு சொல் அவர் வாயிலிருந்து வர வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாம் சுற்றில் ட்ரெவாவுக்கு இரண்டு இடம் தள்ளி நின்ற ஸ்டெட்மன் என்பவருடைய பிஸ்டல் அடைத்தது. விலை உயர்ந்த ஜெர்மன் சாமான். பிட்டிங்கர் எட்டிப் பார்த்தார். "தோட்டா மட்டம். அலிபி."

நான்காம் சுற்றில் ட்ரெவாவுடையது அடைத்தது. கையை உயர்த்தினார். பிட்டிங்கர் நின்ற இடத்திலிருந்தே பிஸ்டலைப் பார்த்தார். கிட்டக்கூட வரவில்லை.

"மணிக்கட்டு, அம்மணி. அலிபி கிடையாது."

"சார், இது முன்னாலயும் அடைச்சிருக்கு. துப்பாக்கி…"

"அந்தச் செங்கல்லைத் தூக்கவே தெம்பு வேணும். தொடருங்க."

இரண்டு குண்டு போயிற்று. பட்டது பத்தொன்பது. ஒன்று குறைவு. பிட்டிங்கர் தாளில் 'தோல்வி. சுடுபவரின் பிடி சரியில்லை' என்று எழுதினார். முப்பது நாளில் மறுசோதனை. அதிலும் தவறினால் வாசல் வேலை போகும்.

பக்கத்தில் நின்று சுட்டவர் யோலாண்டா, அதே வாசலில் அடுத்த ஷிஃப்டில் நிற்பவர். கார் நிறுத்தும் இடத்தில் அவர்தான் கொதித்தார். "அவனுக்கு அலிபி, உனக்கு மணிக்கட்டா? ட்ரெவா, நீ அந்த ஆள் கையைப் பிடிச்சு ஒரு தடவை குலுக்கியிருக்கணும்டி."

ட்ரெவா பிஸ்டலை அதைச் செய்த கம்பெனிக்கே அனுப்பினார். பெட்டியிலேயே பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தார்கள்: வாழ்நாள் உத்தரவாதம், கேள்வியே கேட்க மாட்டோம். பத்து நாளில் திரும்பி வந்தது, ஒரு சீட்டோடு. 'தோட்டா ஏறும் சரிவு உரிமையாளரால் மாற்றப்பட்டுள்ளது. உத்தரவாதம் செல்லாது. துப்பாக்கி தரநிலைக்குள் உள்ளது. சுடுபவரின் பிடியைக் கவனிக்கவும்.'

ட்ரெவா போன் போட்டார். முக்கால் மணி நேரம் பாட்டுக் கேட்ட பிறகு கைல் என்று ஓர் இளைஞன் வந்தான்.

"மேடம், நீங்க அதைத் தேய்ச்சிருக்கீங்களே."

"தேய்க்கறதுக்கு முன்னாலயே அடைச்சுதுப்பா."

"அதை இப்ப எங்களால பாக்க முடியாதே மேடம். தேய்ச்சுட்டீங்களே."

"உங்க பிஸ்டல் வாங்கினவன் எல்லாரும் தேய்க்கிறான். தேய்ச்சாத்தான் ஓடுது. அது உங்களுக்குத் தெரியாதா?"

"மேடம், எங்க துப்பாக்கிக்குத் தேய்ப்புத் தேவையில்லை."

"அப்ப ஏன் அடைச்சுது?"

"பிடி எப்படின்னு… நீங்க எவ்வளவு உயரம் மேடம்?"

ட்ரெவா போனை வைத்துவிட்டார். நுகர்வோர் புகார் எண் ஒன்றுக்கும் அடித்தார். அங்கிருந்த பெண் நல்லவள். ரொட்டி வாட்டும் பெட்டி, பொம்மை, சைக்கிள் எதுவாக இருந்தாலும் பழுதென்றால் திரும்பப் பெறச் சொல்ல அவர்களால் முடியும். துப்பாக்கி மட்டும் அவர்கள் கைக்குள் வராது. சட்டமே அப்படி. "எனக்கும் இது நல்லாப் படலம்மா," என்று சொல்லி வைத்தாள். பொம்மைத் துப்பாக்கி பழுதானால் கேட்க நாட்டில் ஆள் இருக்கிறது. நிஜத் துப்பாக்கிக்கு இல்லை. நான் நான்கு வருடம் படித்த படிப்பில் இதை யாரும் சொல்லித் தரவில்லை.

இந்த நிலையில்தான் ட்ரெவா அந்தக் காலிப் பெட்டியோடு என் மேசைக்கு வந்தது. மூன்று முறை எழுதி மூன்று முறை திருத்தினோம். 'உங்கள் பொருளைப் பழுதின்றிச் செய்வது உங்கள் வேலை. அதை நாங்கள் எங்கள் சமையலறையில் செய்ததற்கு எங்களைத் தண்டிக்கிறீர்கள்' என்ற வரி அவர் சொன்னது. நான் இலக்கணத்தை மட்டும் சரிசெய்தேன். பதினெட்டாவது நாள் பதில் பார்சலில் வந்தது. கடிதம் இல்லை. கம்பெனி பெயர் பொறித்த ஒரு தொப்பி. ஒரு புதுத் தோட்டாக்கூடு. 'எங்கள் குடும்பத்தில் ஒருவராக இருப்பதற்கு நன்றி' என்று அச்சடித்த ஓர் அட்டை.

"குடும்பமாம்," என்றார் ட்ரெவா. "கல்யாணத்துக்குக் கூப்பிடலியே."

மறுசோதனை நாள் வந்தது. டென்வர் தன்னுடைய பிஸ்டலைத் துடைத்து எடுத்து வந்தார். அதே மாடல் என்பதால் அதில் சுட்டாலும் விதி ஒத்துக்கொள்ளும். ட்ரெவா அதை இடுப்பில் செருகிக்கொண்டு, தன்னுடையதைப் பெட்டியோடு கொண்டுபோய்ப் பிட்டிங்கர் முன்னால் வைத்தார். சுற்றிலும் ஏழெட்டுப் பேர்.

"சார், ஒரு வேண்டுகோள். நீங்க இதுல ஒரு கூடு சுடுங்க. எட்டுக் குண்டு. அடைக்கலைன்னா நான் இப்படியே வீட்டுக்குப் போயிடறேன். வேலையும் வேண்டாம்."

"எனக்கு நேரமில்லை அம்மணி."

"எட்டுக் குண்டு சுட எவ்வளவு நேரம் ஆகும் சார்?" என்றார் யோலாண்டா பின்னாலிருந்து. "உங்களுக்கு வேணா கெடு வைக்க மாட்டோம்."

யாரோ சிரித்தார்கள். பிட்டிங்கருக்கு மீசை துடித்தது. பிஸ்டலைப் பிடுங்கிக்கொண்டு கோட்டுக்குப் போனார். கால்களை அகட்டி, இரண்டு கையாலும் இறுகப் பிடித்து, புத்தகத்தில் படம் போட்டதுபோல நின்றார். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்தாவது வெடிக்கவில்லை. வெற்றுக்கூடு மேலே நட்டுக்கொண்டு நின்றது.

பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு யோலாண்டா, மிக மரியாதையாக: "மணிக்கட்டு, சார்."

பிட்டிங்கர் வெற்றுக்கூட்டைத் தட்டி எடுத்தார். மீண்டும் சுட்டார். இரண்டாவதில் மறுபடி அடைத்தது. பிஸ்டலை மேசையில் வைத்துவிட்டு யாருடைய முகத்தையும் பார்க்காமல் சொன்னார்: "குப்பைச் சாமான்."

"அதைத்தான் நான் போன மாசம் சொன்னேன்," என்றார் ட்ரெவா. "இப்ப அந்தப் பழைய தாள்ல 'அலிபி'ன்னு எழுதுங்க."

"அது உங்க காவல் கம்பெனிக்குப் போயாச்சு. இன்னிக்குச் சோதனையைப் பாருங்க."

ட்ரெவா டென்வரின் பிஸ்டலால் சுட்டார். இருபத்தைந்துக்கு இருபத்து நான்கு. அந்தத் திடலில் அன்றைக்கு அதுதான் அதிகம். டென்வர் வேலிக்கு வெளியே நின்று விசிலடித்தார்.

பிட்டிங்கர் தாளை நீட்டினார். தேறியதற்கான தாள். அதில் ஒரு வரி: 'முந்தைய தோல்விக்குக் காரணம்: பிடி. பயிற்சியால் சரிசெய்யப்பட்டது.' கீழே சுடுபவர் கையெழுத்து.

ட்ரெவா அதை இரண்டு முறை படித்தார். "இது பொய்யில்லியா?"

"படிவம் அது. எல்லாருக்கும் ஒரே படிவம். எதாவது ஒரு காரணம் போட்டாகணும்."

"காரணம் துப்பாக்கி. உங்க கையிலயே அடைச்சுதே சார், ஏழு பேர் பாத்தாங்க."

"கையெழுத்துப் போடுங்க, அட்டையை வாங்குங்க, வேலைக்குப் போங்க. எதுக்கு இந்த வீம்பு?"

டென்வர்கூட வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "போட்டுடு ட்ரெவா, எவன் படிக்கப் போறான்," என்றார்.

ட்ரெவா பேனாவை வாங்கி அந்த வரியை அடித்தார். மேலே தன் கையால் எழுதினார்: 'துப்பாக்கிப் பழுது. பரிசோதகர் சுட்டபோதும் இரண்டு முறை அடைத்தது.' அதன் கீழே கையெழுத்துப் போட்டார். யோலாண்டா பேனாவைப் பிடுங்கிச் சாட்சியாகத் தன் பெயரையும் எழுதினார். போன தடவை 'அலிபி' கிடைத்த ஸ்டெட்மனும் கூட்டத்திலிருந்து வந்து எழுதினார். அதை நான் சொல்லியாக வேண்டும். அந்த மனுஷர் கேட்காமலே வந்தார்.

அடித்துத் திருத்திய படிவம் செல்லாது என்று காவல் கம்பெனி திருப்பி அனுப்பியது. வெள்ளிக்கிழமைக்குள் வந்து புதுப் படிவத்தில், அச்சடித்த வரியோடு, கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் வாசலுக்கு வேறு ஆள். மேலாளர் போனில் தன்மையாகத்தான் பேசினார். "ஒரே ஒரு வரி, ட்ரெவா. அதுல என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லைன்னா எடுத்துடுங்களேன்," என்றார் ட்ரெவா.

எடுக்கவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் தங்கை வந்து அழுதாள். டென்வர் தலையில் அடித்துக்கொண்டார். நானும், வெட்கமாகத்தான் இருக்கிறது, போட்டுவிடுங்களேன் என்றுதான் சொன்னேன். படித்தவன் சொல்கிற புத்தி அப்படி இருந்தது. ட்ரெவா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பதினாலு வருஷம் இந்தக் கையை வச்சுச் சாப்பிட்டிருக்கேன்டா தம்பி. இதைக் குறை சொல்லி நானே கையெழுத்துப் போடணுமா?"

வெள்ளிக்கிழமை அவர் போகவில்லை. மூன்று வாரம் கழித்து எங்களுக்குச் செய்தி வந்தது. வாசலில் புதிதாக நின்றவரும் அதே மலிவுப் பிஸ்டல்தான் வைத்திருந்தாராம். சரிவைத் தேய்த்துவிட்டீர்களா என்று யோலாண்டா கேட்டதற்கு, தேய்க்காமல் யார் வைத்திருப்பார்கள் என்றாராம்.

ட்ரெவா கெய்லர் இப்போது கவுண்டிக் குப்பைக் கிடங்கின் எடை மேடையில் வேலை பார்க்கிறார். காலை ஏழு முதல் மூன்று வரை. சம்பளம் முன்பைவிடக் குறைவு. ஆயுதம் தேவையில்லை.